இடது டேங்கில் நீலம்

நான் புளுகுவதில் பேர்போனவன். எங்கள் வீட்டுப் பூனைகூட நான் சொல்வதில் பாதியைத்தான் நம்பும். ஆனால் இது நடந்தது. அந்த விமானத்தை ஓட்டியவன் நான்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். இடது டேங்கில் நீல நிற விமானப் பெட்ரோல். வலது டேங்கில் காருக்கு ஊற்றும் சாதாரணப் பெட்ரோல். ஏறும்போதும் இறங்கும்போதும் நீலம். உயரம் போனபின், டேங்க் மாற்றும் குமிழைத் திருப்பிக் கார் பெட்ரோல். கொதிக்கும் வெயிலில் கார் பெட்ரோலில் ஏறினால், அது குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் மூச்சுத் திணறிவிடும். அதனால் இந்தச் சட்டம். சட்டம் போட்டவன் எங்கள் மெக்கானிக். என் மனைவியின் தம்பி.

ஒவ்வொரு முறையும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பான். நகத்தால் மூன்று தட்டு. டிக்... டிக்... டிக். பிறகு நிறம் பார்ப்பான்.

"பைலட் பொய் சொல்வாரு மாமா, நிறம் சொல்லாது" என்பான், என்னைப் பார்த்தே.

நிறம்தான் பொய் சொன்னது. போன கோடையில், விமானப் பெட்ரோல் வந்துசேர மூன்று நாளாகும் என்றார்கள். விமானத்துக்குச் சொந்தக்காரரான எங்கள் முதலாளிக்குப் பொறுமை கிடையாது. இடது டேங்கிலும் கார் பெட்ரோலை நிரப்பி, நீலச் சாயத்தைக் கலந்துவிட்டார். மச்சினன் குழாயைத் தட்டினான். நிறம் பார்த்தான். ஓட்டவும் தெரிந்தவன்; சோதித்துப் பார்க்கத் தனியாக ஏறினான். இருநூறு அடியில் எஞ்சின் நின்றது. விமானத்தோடு அவனும் போய்விட்டான்.

"குமிழை மாத்தித் திருப்பிட்டான்" என்று விசாரணையில் சொல்லிவிட்டார் முதலாளி. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. சாய டப்பாவை விமானக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தவனும் நான்தான். வேலை போய்விடுமே என்ற பயம். என் மனைவிக்கு எதுவும் தெரியாது.

புது விமானம் வந்தது. முதல் நாள் முதலாளியும் நானும் ஏறினோம்.

மாலை 4:10. நீலத்தில் கிளம்பினோம். 4:22. மூவாயிரம் அடி. குமிழை வலப்பக்கம் திருப்பினேன். டக். எல்லாம் ஒழுங்கு.

4:31.

டக்.

குமிழ் தானாகத் திரும்பியிருந்தது. இடதும் இல்லை, வலதும் இல்லை. 'மூடு'.

எஞ்சின் இருமியது. நின்றது.

"என்னய்யா பண்றே?"

"நான் தொடலீங்க."

இடப்பக்கம் திருப்பினேன். டக்... மறுபடியும் மூடு. என் விரல்களின்மேல் இன்னொரு கையின் எடை. பிசுபிசுவென்று கிரீஸ்.

இரண்டாயிரம் அடி. காற்றின் சத்தம் மட்டும்.

டிக்... டிக்... டிக்.

முதலாளியின் காதருகில்.

"நான்தாம்ப்பா! சாயத்தை நான்தான் கலந்தேன்! விட்டுடு!"

ஆயிரம் அடி...

டக்.

இடது. எஞ்சின் பிடித்தது.

இறங்கியதும் முதலாளி சட்டையைச் சரிசெய்துகொண்டார். "மேல நான் எதுவும் சொல்லல. புரியுதா?"

"புரியுதுங்க" என்றேன். இந்த நாக்குக்கு வெட்கமே கிடையாது.

மறுநாள் தண்டவாளத்தைக் கடக்கும்போது அவருடைய கார் நடுவில் நின்றுபோனது. மாலை 4:31. ரயில் நிற்கவில்லை. நசுங்கிய காரிலிருந்து வழிந்த பெட்ரோல் நீலமாக இருந்ததாம். தொட்டவர் கையில் இன்னும் கறை போகவில்லையாம்.

கொட்டகைக்கு ஓடினேன். தோண்டினேன்.

டப்பா இல்லை.

ஒரு கண்ணாடிக் குழாய். பாதி வரை நீலம்.

வீட்டுக்கு எடுத்துவந்தேன். பார்த்ததும் மனைவியின் முகம் வெளுத்தது.

"இது எப்படிங்க உங்ககிட்ட? தம்பி கையில வெச்சுத்தானே புதைச்சோம்?"

அன்றிலிருந்து எங்கே போனாலும் நடைதான். கார், பஸ் எதிலும் ஏறுவதில்லை.

ஆனால் குழாயில் தினமும் ஒரு கோடு குறைகிறது.

இன்று காலை பார்த்தேன். ஒரே ஒரு கோடு மிச்சம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளிடம் கொடுப்பேன். இப்போது மணி 4:28...