வலப்பக்கத்துக் காலடி

அப்பா அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவர். முப்பத்தொரு வருடம். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடினார். உடன் ஆடியவர்கள் அதே அச்சகத்துப் பைண்டரும், தாள் வெட்டும் கட்டிங்காரரும். மாலை ஐந்து மணிக்கு மூவரும் அவரவர் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அச்சகத்து வசவுகள் எதுவும் ஓய்வு பெறவில்லை.

அப்பாவுக்கு ஒரே குறை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர்தான் முதலில் சாவார். எதிரி நெருங்கும் காலடி மற்ற இருவருக்கும் கேட்கும், இவருக்குக் கேட்காது. அச்சகத்தில் மெஷின் ஓடத் தொடங்கியதும் வருகிற முதல் தாள் குப்பைக்குத்தான் போகும். கட்டிங்காரர் அப்பாவுக்கு அந்தப் பெயரையே வைத்தார்: முதல் தாள். அப்பா சிரித்துக்கொள்வார். ஆனால் அது அவரைக் குடைந்தது.

ஹெட்போனில் சத்தம் பத்தவில்லை, நல்ல ஆம்ப்ளிஃபயராகப் பார் என்று என்னிடம் சொன்னார். நான் ஒலிக்கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். அவருடைய ஹெட்போனின் மின்தடை முப்பத்திரண்டு ஓம்தான். கம்ப்யூட்டரே அதைத் தாராளமாக ஓட்டும், ஆம்ப்ளிஃபயர் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

ஞாயிற்றுக்கிழமை, வேலையிடத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்கிப்போய் மாட்டினேன். சத்தம் கூடியது, கம்ப்யூட்டரின் இரைச்சலும் சேர்ந்து கூடியது. அன்றும் அவர் முதல் தாள்தான். பக்கத்தில் நின்று கவனித்தேன். சத்தம் எங்கிருந்து வந்தாலும் இடப்பக்கமே திரும்பினார்.

சோதனை ஒலி போட்டு, கேட்கும் பக்கத்துக் கையைத் தூக்கச் சொன்னேன். தப்பே இல்லாமல் தூக்கினார். என் விரல் எந்தச் சாவியை அழுத்துகிறது என்று பார்த்துத் தூக்குகிறார் என்பது பிறகுதான் புரிந்தது. கீபோர்டை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போனேன். வலது கை எழவே இல்லை.

"வலது பக்கம் ஸ்பீக்கர் போயிருக்கு" என்றார்.

ஹெட்போனை வாங்கி என் காதில் மாட்டிப் பார்த்தேன். காதைப் பிளந்தது.

கதவருகே நின்ற அம்மா சொன்னாள்: "செவிடன் காதுல ஊதுற சங்கைப் பெருசா வாங்கிட்டா கேட்டுடுமா? நான் எதுக்கு எப்பவும் இவருக்கு இடப்பக்கமாவே நடக்கிறேன்னு நினைச்சே?"

வலது காதை மெஷினுக்குக் கொடுத்தபடி நிற்கிற வேலை. தெரிந்தால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மறைத்தார். இறக்கிவிட ஆளில்லாத பிறகும் மறைத்தார்.

"பைண்டர்கிட்ட சொல்லிடாதே" என்றார் அப்பா.

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுத்தேன். விரலளவு சவுண்ட் கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அதோடு வந்த மென்பொருள். வலப்பக்க ஒலியின் கூர்மையைக் குறைத்து, அதை இடப்பக்கத்தில் கலக்கலாம். இடமிருந்து வரும் காலடி தெளிவாகக் கேட்கும். வலமிருந்து வருவது போர்வைக்குள் நடப்பதுபோல மந்தமாகக் கேட்கும். இரண்டும் ஒரே காதில்.

அப்பா அதற்குப் 'போர்வை' என்றே பெயர் வைத்தார். பழக ஒன்பது நாள் ஆனது. போர்வை என்று தெரிந்தே இடப்பக்கம் திரும்பிச் செத்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் ஃபோன் வந்தது.

"போர்வை வந்துது. திரும்பினேன். அவன் போயிட்டான்."

அன்று கடைசிவரை நின்றவர் அவர்தான். அப்பா ரகசியமாக ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டார் என்று சந்தேகப்பட்டு, கட்டிங்காரரும் ஒன்று வாங்கினார். அப்பா இல்லையென்று சொல்லவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் நிம்மதியாக ஆடினார். மூவரில் முதலில் போனதும் அவர்தான். கட்டிங்காரர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

போன வாரம் கூப்பிட்டார். "ரெண்டு பேரா ஆட முடியலைம்மா. நீ வந்து உட்காரேன்."

இன்று அப்பாவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அப்பாவின் அமைப்பை மாற்றவில்லை. வலது காதில் ஒன்றுமே இல்லை. இடது காதில் போர்வை வந்தது. தெரிந்தும் இடப்பக்கமே திரும்பினேன். செத்தேன்.

"முதல் தாள்" என்றார் கட்டிங்காரர். பைண்டர் சிரித்தார். சற்றுப் பொறுத்து நானும்.

எனக்கும் ஒன்பது நாள் ஆகலாம். நாளையும் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.