ஹுளி என்றால் புளி இல்லை

மூன்று வயதாகியும் என் மகள் எழுந்து நிற்கவில்லை. கால் வளைந்து, எந்நேரமும் தண்ணீர் கேட்டு, குடித்ததை வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். அலைந்து திரிந்து மீன் எண்ணெய் வாங்கி ஊற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. பிழைக்காது என்று அக்கம்பக்கத்தார் என் காதுபடவே பேசினார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட!

மைசூர் பெரியாஸ்பத்திரியில் ஒரு கன்னட டாக்டர், குழந்தை மூச்சை ஆழமாக இழுப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார். சிறுநீரில் நீலக் காகிதம் ஒன்றை நனைத்தார். அது நீலமாகவே இருந்தது. ரத்த முடிவு வந்ததும் என்னிடம், “மகு மைல்லி ஹுளி ஜாஸ்தி ஆகிதெ” என்றார். மருந்து கலந்து வைப்பதாகவும் திங்கட்கிழமை வரும்படியும் சொன்னார்.

நான் ஈரோட்டுப் பக்கத்துக்காரி, மைசூருக்குக் குடிவந்தவள். பாலை ஹாலு, பல்லை ஹல்லு என்கிறவர்கள் ஹுளி என்றால் புளிதானே? குழந்தை உடம்பில் புளி அதிகமாம். அன்றே புளிப்பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். வீட்டுக்காரர் சப்பென்ற குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை கொடுத்த மருந்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே புளிப்பு! வந்த கோபத்தில் நேரே திரும்பிப் போனேன்.

“ஏனுங்க, புளி ஆகாதுன்னு சொன்னதே நீங்கதானுங்க? இப்ப அதையே ஊத்தச் சொல்றீங்களே?”

டாக்டர் விழித்தார். பிறகு சிரித்துவிட்டு, பாதித் தமிழில் பொறுமையாக விளக்கினார். ஹுளி என்றால் புளிப்பு. எல்லார் உடம்பிலும் அது ஊறும். சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளியிருந்தால் நீலக் காகிதம் சிவந்திருக்கும். இவளுக்கு அது ரத்தத்திலேயே தங்கி எலும்பைக் கரைக்கிறது. எலுமிச்சை உப்பும் சோடாவும் சேர்ந்த இந்த மருந்து நாக்குக்குத்தான் புளிப்பு. உள்ளே போனால் புளிப்பை முறிக்கும். சமையல் புளி என்ன பாவம் செய்தது என்றும் கேட்டார்.

பிழைப்பாளா என்று கேட்டேன்.

“தினா குடிசி. மகு நடியுத்தெ.”

தினமும் குடிக்கக் கொடு, குழந்தை நடக்கும். அந்தக் கன்னடம் மட்டும் எனக்குத் தப்பாமல் புரிந்தது. ஜட்காவில் வீடு வரும்வரை அழுதேன். நிம்மதியிலும் இப்படி அழுகை வருமா என்றிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் சமையற்கட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ சேலையை இழுத்தார்கள். நான் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு வந்த மகள், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“எனக்குப் புளி” என்று கையை நீட்டினாள். கொடுத்தேன்.