அப்பா வண்டிக்கு மாற்றிய போர்க்

அப்பாவின் மோட்டார் சைக்கிளில், பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வாயைத் திறந்து "ஆ" என்றால் அது ஒரே "ஆ"வாக வராது. துண்டு துண்டாக உடைந்து, பல்லோடு பல் இடித்து, கடைசியில் நாக்கும் கடிபடும். திருநகரிலிருந்து பசுமலை வரைக்கும் அப்படிக் கத்திக்கொண்டே வருவது எனக்கு விளையாட்டு. "வாய மூடு, ஈ போயிரப் போகுது" என்பார் அப்பா.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அந்த வண்டியோ வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் ஓடி, ஏலத்தில் கழிந்து, நாலு கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது. இப்போதைய வண்டிகளில் முன்சக்கரத்தின் இருபுறமும் வழவழவென்று இரண்டு குழாய்கள் இறங்குகின்றனவே, அதெல்லாம் அதில் கிடையாது. ஓர் இரும்புச் சட்டம், நடுவில் ஹெட்லைட்டுக்குக் கீழே தடியாக ஒரே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பள்ளத்தில் இறங்கினால் அது ஒருமுறை குதித்துவிட்டு, போதாதென்று இன்னும் நாலு முறை குதிக்கும். தெருவில் அதற்குக் "கட்டவண்டி" என்று பெயர். அப்பாவுக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வண்டியில் அம்மா ஏறுவதில்லை. முன்பு ஏறிக்கொண்டிருந்தவர்தான். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது வாடிப்பட்டியில் சித்திக்கு நிச்சயதார்த்தம் என்று மூன்று பேரும் அதில்தான் போனோம். அம்மாவுக்கு அப்போது நாலாவது மாசம். அன்று சாயங்காலமே அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் கழித்து வெளுத்துப்போய் வீடு வந்தார். எனக்கு வரவேண்டிய தம்பியோ தங்கையோ வரவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் என் அத்தை, அப்பாவின் அக்கா, சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "புள்ளத்தாச்சியக் கட்டவண்டியில ஏத்திட்டு இம்புட்டுத் தூரம் வந்தா வயித்துல எது தங்கும்?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அம்மாவும் நானும் பஸ்ஸில். அப்பா அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே புகையையும் புழுதியையும் தின்றுகொண்டு வண்டியில் வருவார். ஏறு என்று அவர் கூப்பிடவில்லை, மாட்டேன் என்று இவரும் சொல்லவில்லை. இப்படியே இரண்டு வருஷம் போனது. பேசாமலே காலம் தள்ளுவதில் அந்த இரண்டு பேரையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்குத்தான் எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒருநாள் அப்பா, பழைய இரும்புக் கடையிலிருந்து, விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியின் முன்பக்கத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "எண்ணெய் போர்க்கு" என்றார். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு குழாய், உள்ளே ஸ்பிரிங், அது துள்ளாமல் அடக்குவதற்கு எண்ணெய். அதைத் தூக்கிக்கொண்டு பழங்காநத்தத்தில் துளசிராம் அண்ணன் பட்டறைக்குப் போனோம். அவர் நெசவுக் குடும்பம். தறிச் சத்தம் ஆகாதென்று என்ஜின் சத்தத்துக்கு வந்தவர். "வாத்தியாரே, கெழவனுக்கு எளவட்டத்தோட கால ஒட்டச் சொல்றீங்க" என்று அலுத்துக்கொண்டேதான் வேலையைத் தொடங்கினார். புதுப் போர்க்கின் தண்டு பழைய வண்டியின் கழுத்துக்குள் ஆடியது. லேத்தில் கொடுத்து இடையில் போட ஒரு வளையம் கடைந்து வந்தார்கள். அது முதலில் பெரிதாக இருந்தது, பிறகு சிறிதாகிப் போனது. அண்ணன் அவர்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ திட்ட, ஒரு வார்த்தையும் புரியாத அப்பா "அதேதான்ணே" என்று தலையாட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடியது. கழற்றிப்போட்ட பழைய பால்ரஸ் குண்டுகளை நான் கோலி விளையாட எடுத்துக்கொண்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு காரியம் செய்தார். தூக்குவாளி நிறையப் பாலை வாங்கி என் கையில் கொடுத்து, டேங்கில் உட்கார வைத்து, திருப்பரங்குன்றம் வரை போய்த் திரும்பினார். வாசலில் அம்மாவிடம் வாளியை நீட்டி, "ஒரு சொட்டு சிந்தல" என்றார். (என் பாவாடையில் கொஞ்சம் சிந்தியிருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.) அம்மா வாளியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "குடுங்க, காய்ச்சணும்" என்று உள்ளே போய்விட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் மறுமாசம் சித்தியின் பிள்ளைக்கு வாடிப்பட்டியில் காதுகுத்து வந்தபோது, முதல்நாள் சேலையை மடித்துக்கொண்டே அம்மா சொன்னார்: "நாளைக்கு வண்டியிலயே போயிருவம்."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பிறந்தது வண்டிமாடு கட்டிய குடும்பம். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முட்டுக்கொடுத்துப் பழகிய கை. அம்மா சேலையோடு ஒருபக்கமாக, இடப்புறம் பார்த்துத்தானே உட்காருவார்? ஆகவே இடப்பக்கக் குழாயின் மூடியைத் திருகி எடுத்து, அண்ணன் அளந்து ஊற்றியிருந்த எண்ணெய்க்கு மேல் இன்னும் ஒரு தம்ளர் ஊற்றினார். குழாய்க்குள் எண்ணெய்க்கு மேலே காற்றுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்பது, பிள்ளைகளுக்குக் காற்றழுத்தம் நடத்துகிற வாத்தியாருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

சமயநல்லூர் தாண்டும்வரை ராஜ பயணம். அம்மா அப்பாவின் தோளில் கை வைத்திருந்தார். அப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டினாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஒரு பாலத்தருகே வண்டி பள்ளத்தில் இறங்கியதும் "டப்" என்று ஒரு சத்தம். இடப்பக்கக் குழாயில் எண்ணெய் கசியாமல் அடைத்திருந்த ரப்பர் சீல் பிதுங்கி, எண்ணெய் பீய்ச்சி, அப்பாவின் வேட்டியிலும் என் காலிலும் அடித்தது. வண்டியை ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். குழாயைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் உன்னைய ஏத்தியிருக்கவே கூடாது. அன்னைக்கும் நான்தான், இன்னைக்கும் நான்தான்" என்றபோது அவர் குரல் உடைந்தது. பெரியவர்கள் அழுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு வண்டியால ஒண்ணும் ஆகலைங்க. அதுக்கு முதநா ராத்திரியே எனக்கு உதிரம் பட்டுருச்சு. சொன்னா நிச்சயத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீகன்னு சொல்லாம இருந்துட்டேன். பெறகு சொல்லப் பயமா இருந்துச்சு. இந்த வண்டியப் பாத்தாலே என் பொய்தான் ஞாபகத்துக்கு வரும். அதான் ஏறல."

இரண்டு வருஷம் பஸ்ஸுக்குப் பின்னால் புழுதி தின்றவர் அவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அப்பா கேட்டார்:

"அம்புட்டுத் தூரமும் வலிச்சிருக்குமே புள்ள?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா கிழிந்த துணியைக் குழாயில் சுற்றிக் கட்டினார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போக, மாட்டுவண்டி வேகத்தில் வாடிப்பட்டி போய்ச் சேர்ந்தோம்.

காதுகுத்து வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தார். எண்ணெய் வேட்டியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்: "ஒரு உசுர வாங்குனது பத்தாதாடா இந்த வண்டிக்கு? திரும்பவும் இவள ஏத்திட்டு வந்திருக்க." அம்மா, "மதினி, அது வந்து..." என்று வாயெடுத்தார். அப்பா குறுக்கே வந்தார். "நீ உள்ள போயிப் புள்ளையப் பாரு" என்று அம்மாவை அனுப்பிவிட்டு, "தப்பு என்னோடதுதான்க்கா, விடு" என்றார். முன்பு போலவே தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் பின் எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை. அத்தை அந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் சொன்னார். என் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அப்பா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா எழுந்து போய்விடுவார்.

இன்று அந்தச் சாலை நாலு வழியாகிப் புளியமரம் போய்விட்டது. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. வண்டியைப் பழைய வண்டிகள் சேர்க்கும் யாரோ கோயம்புத்தூர்க்காரர், முதலில் இருந்த ஒற்றை ஸ்பிரிங் சட்டம் இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே வாங்கிப்போனார். அத்தையும் இல்லை. அப்பா போய் வருஷம் ஆறாகிறது.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"எழுது. என்னையப் பத்தி என்ன வேணா எழுதிக்க. உங்கப்பா மேல தப்பில்லன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதிரு."