மையாவுக்குக் கறுப்பு பூசிய நாட்கள்

ஒரு பியூட்டி பார்லர்க்காரியிடம் வந்து, "எனக்கு இருக்கிற நிறத்துக்கே மேக்கப் போடுங்க" என்று கேட்ட மனுஷி இந்த ஆரணியில் இன்னும் பிறக்கவில்லை. எல்லாருக்கும் ரெண்டு ஷேடு ஏற்ற வேண்டும். கல்யாணப் பெண்ணை முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக அனுப்பிவிட்டு, போட்டோக்காரர் திட்டுவதையும் நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். என்னைப் போல பவுடர் டப்பாவை நம்பிப் பிழைக்கிற சகோதரிகளே, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடுதான். ஆனால் வெள்ளைத் தோலைக் கறுப்பாக்கச் சொல்லி ஒரு சினிமா கம்பெனி என் கடை வாசலில் வந்து நின்றது. அந்தக் கதையைக் கேட்டால் உங்கள் பாடு தேவலை என்று தோன்றும்.

பவுடர் வேண்டாம் என்ற பெண்

முதலில் மையா யார் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் போனில் பார்க்கிற கார்ட்டூன் தொடர் ஒன்றின் நாயகி அவள். நெசவாளி வீட்டுப் பெண். நல்ல கறுப்பு, இரட்டைச் சடை, கையில் ஒரு பட்டு நூல். அந்த நூலை வீசித் திருடர்களைக் கட்டிப்போடுவாள். கூடப் படிக்கிறவர்கள் "கரிச்சட்டி" என்று கேலி செய்தால், "ஆமா, சூடா இருக்கேன், தொடாதே" என்பாள். ஆரணிப் பிள்ளைகளுக்கு இது போதாதா? தறிச் சத்தமும் தங்கள் தெருச் சத்தம், முகமும் தங்கள் முகம்.

முடி வெட்ட வரும் பெண் குழந்தைகள் எல்லாம் மையா சடை கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒரு சின்னப் பெண், நான் பவுடர் பஞ்சை எடுத்ததுமே முகத்தை மூடிக்கொண்டு, "மையா பவுடர் போடமாட்டா" என்று அடம் பிடித்தாள். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும். அவளுடைய அம்மாவுக்கோ அழுகையே வந்துவிட்டது. "பாருங்க அக்கா, கார்ட்டூன் பாத்துகினு பாத்துகினு இந்தப் பொண்ணு கெட்டுப்பூட்டா!"

ரொம்ப ஒரிஜினல்

அந்தக் கார்ட்டூனை நிஜ மனிதர்களை வைத்துப் படமாக எடுக்கப்போகிறோம், ஆரணியில்தான் ஷூட்டிங் என்று கம்பெனியின் மேனேஜர் வந்தார். படத்தில் மையா வளர்ந்த பெண்ணாம். ஊர்ப் பெண்களைக் கூட்டி வரவும் மேக்கப்புக்குக் கைகொடுக்கவும் உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்றார். மையாவே நம் ஊருக்கு வருகிறாள் என்ற நினைப்பில் நான் துள்ளிக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது கிரேஸ்தான். எங்கள் சபையில் பாடுகிறவள், காலேஜில் கடைசி வருஷம். அவள் அப்பா பட்டு நெய்கிறவர். காலேஜ் விட்டு வந்தால் இவளும் தறியில் உட்காருவாள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் அவளுக்கு மேய்ப்பன் வேஷம்தான். மரியாள் வேஷம் யாராவது சிவப்பான பிள்ளைக்குப் போய்விடும். ஆனால் கிரேஸ் பேச ஆரம்பித்தால் ஜனம் மரியாளை மறந்துவிடும்.

கல்யாண மண்டபத்தில் ஆள் தேர்வு நடந்தது. கிரேஸ் அந்தக் கரிச்சட்டி வசனத்தைப் பேசிவிட்டு, இல்லாத நூலை எடுத்து வீசினாள். வீசிய பக்கம் நின்ற லைட்பாய் நிஜமாகவே ஒதுங்கினார். மண்டபமே கைதட்டியது. டைரக்டரும் எழுந்து நின்று தட்டினார். தட்டிவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பிரமாதம்மா. ஆனா முகம் ரொம்ப ஒரிஜினலா இருக்கு, ஸ்கிரீன்ல ஜனங்க நம்பமாட்டாங்க."

அளவுக்கு ஒரு கை

மையாவாக நடிக்க மும்பையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அழகுக்குக் குறையில்லை. உரித்த வேர்க்கடலை நிறம். கிரேஸையும் வரச்சொல்லி மேனேஜர் போன் செய்தார். தோழி வேஷமாவது கிடைக்கும் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சுடிதாரில் வந்தாள் அவள்.

மேக்கப் சீஃப் சென்னைக்காரர், அனுபவஸ்தர். கிரேஸை ஹீரோயின் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் கையை எடுத்து ஹீரோயின் கன்னத்தோடு ஒட்டிவைத்து, மூன்று டப்பாக்களைக் கலந்து நிறம் பார்க்க ஆரம்பித்தார். ஒரு பூச்சு பூசுவார், கிரேஸின் கையைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், துடைப்பார். என் கண்ணெதிரே ஒரு நடிகையை ஷேட் கார்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அசைந்தால், "ஆடாதம்மா, வெளிச்சம் மாறுது" என்று அதட்டல் வேறு. எனக்கு வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன். கிரேஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "அக்கா, நான் நடிக்க வந்தனா, இல்ல பெயின்ட் கடையில டப்பா மூடியா வந்தனா?"

கியாரண்டி

ஆரணி வெயில் யாருக்கும் தயவு பார்க்காது. காலையில் நாங்கள் பூசிய கறுப்பு, பகல் சாப்பாட்டுக்குள் மையாவின் தாடையில் சொட்டு சொட்டாக நின்றது. துடைத்தால் கோடு கோடாக வெள்ளை தெரியும். மறுபடி பூசு, மறுபடி துடை. "ஜல்தி, ஜல்தி" என்று உதவி டைரக்டர் கத்திக்கொண்டே இருப்பார்.

அன்றைக்கு எடுத்த காட்சி, தறியிலிருந்து இறங்கிய புதுப் புடவையை மையா கன்னத்தோடு அணைத்துக்கொள்வது. கிரேஸின் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, தானும் புருஷனும் சேர்ந்து நெய்த மாம்பழ நிறப் பட்டை நம்பிக் கொடுத்திருந்தார். ஹீரோயின் உணர்ச்சியோடு அணைத்தாள். புடவையை எடுத்தபோது முந்தானையில் ஒரு முழு முகம் அச்சாகியிருந்தது, மூக்கு உட்பட. மல்லிகா அக்கா புடவையை வெயிலில் விரித்துப் பார்த்தார், பிறகு ஹீரோயின் கன்னத்தைப் பார்த்தார். "துவைச்சாலும் சாயம் போவாதுன்னு பட்டுக்கு நாங்க கியாரண்டி சொல்லி விக்கிறோம், உங்க ஆளுக்கே சாயம் போவுதேம்மா!"

ஊரை வெளுத்த கதை

கேலி செய்கிற காட்சி வந்தது. தெருவே கூடி மையாவைக் கறுப்பு என்று சொல்ல வேண்டும். துணை நடிகர்களாக எங்கள் தெரு ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். கேமரா வழியாகப் பார்த்த டைரக்டர் தலையில் கை வைத்தார். கேலி செய்கிற அத்தனை பேரும் மையாவைவிடக் கறுப்பு! சீஃப் மேலும் பூசிப் பார்த்தார். மையா ஊதா நிறத்துக்குப் போனாளே தவிர, எங்கள் ஆட்களை எட்டவில்லை.

அப்புறம் என்ன, எனக்கு உத்தரவு வந்தது: ஊரை வெளுக்க வேண்டும். என் கல்யாண மேக்கப் பெட்டி முழுவதும் அன்றைக்குத்தான் காலியானது. தறியில் உட்கார்ந்து முதுகு கூனிப்போன பெரியவர்களுக்கெல்லாம் ரோஜா நிறம் பூசினேன். மல்லிகா அக்காவின் புருஷன் சண்முகம் அண்ணன் என் கண்ணாடியை வாங்கித் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவரால் சிரிக்கவும் முடியவில்லை, கோபிக்கவும் முடியவில்லை. "ஏம்மா, சொந்தத் தெருவுல நாங்கள்லாம் வேஷக்காரங்க, வந்த பொண்ணு மட்டும் ஊர்க்காரியா?"

ஹீரோயின் சொன்னது

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. சாயங்காலம் பூச்சைக் கலைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக இருப்பாள். தோல் தடித்துச் சிவந்துபோயிருக்கும். பாவமாக இருக்கும். தமிழும் கொஞ்சம் கற்றுக்கொண்டாள். ஒருநாள் தேங்காயெண்ணெயால் துடைத்துக்கொண்டே, எரிகிறதா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்: "அக்கா, தோல் பத்திரம், படம் முடிஞ்சதும் எனக்கு சிவப்பழகு கிரீம் விளம்பரம்."

கை மட்டும்

மையா தறி நெய்கிற காட்சிக்கு ஹீரோயினால் கையையும் காலையும் சேர்த்து ஓட்ட முடியவில்லை. இழைகள் அறுந்தன. தறிக்குச் சொந்தக்காரரான கிரேஸின் அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். உடனே எல்லாருக்கும் கிரேஸ் ஞாபகம் வந்தது. அவள் கையை மட்டும் நெருக்கத்தில் எடுத்துக்கொள்ளலாமாம்.

மேனேஜர் என்னை நச்சரித்தார். "நீங்க சொன்னா கேட்பாங்க, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். நான் கிரேஸிடம் போனேன். ஆனால் எடுத்துச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதை அப்படியே சொன்னேன். அவ்வளவுதான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். ஒரு சின்னக் காட்சியிலாவது திரையில் வர வேண்டும் என்று அவளுக்குள் தவிப்பு இருந்தது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கை வேணும்னா மூஞ்சியோடதான் வரும்னு அவங்ககிட்ட சொல்லுங்க அக்கா."

மையாவின் கை

மூஞ்சியோடு அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கிரேஸ் சொன்னதைக் கேள்விப்பட்டு, தறி நெய்கிற மற்றப் பெண்களும் கை கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கடைசியில் மாட்டியவர் சண்முகம் அண்ணன். கை நல்ல கை, வேகமான கை, ஆனால் கரடிக் கை. பெண்ணின் கையாக்குவது என் பொறுப்பு என்றார்கள். பெண்கள் மட்டும் என்று போர்டு மாட்டிய என் பார்லரில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவருக்கு முழங்கை வரை வேக்ஸ் போட்டேன். முதல் இழுப்பிலேயே பேஜாராகி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். மல்லிகா அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார். வளையல் மாட்டி, நகத்துக்குச் சாயம் வைத்து அனுப்பினேன். தன் கைகளை யாருடையதோ போல முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார் மனிதர். "இன்னாம்மா பண்ணிக்கீற, ராத்திரி சோறு துன்ன இந்தக் கை எனக்கு ஒத்துழைக்குமா?"

முதல் காட்சி

படம் ஆரணி தியேட்டருக்கு வந்தபோது தெருவே திரண்டு போனது. கிரேஸ் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். என் அக்கா மகள் ஷைனியை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷைனி இரட்டைச் சடை போட்டு, கையில் ஒரு பட்டு நூலைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

ஹீரோயின் பாட்டுப் பாடினாள், சண்டை போட்டாள், அழுதாள். அவள் அழுதபோது கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததை நானும் கிரேஸும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டோம். சண்முகம் அண்ணனின் கை நெருக்கத்தில் வந்ததும் தியேட்டரில் விசில் பறந்தது. கரிச்சட்டி வசனம் வந்தது. கிரேஸ் உதடு அசைய, சத்தமில்லாமல் கூடவே சொன்னாள். அவள் முகத்தில் திரையின் வெளிச்சம் விழுந்திருந்தது. நான் அதற்கப்புறம் திரையைப் பார்க்கவில்லை.

இடைவேளைக்கு விளக்கு போட்டார்கள். ஷைனி நூலை விரலில் இறுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் பொறுமை முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. "சித்தி, மையா எப்போதான் வருவா?"

ஒருத்தியைக் கறுப்பாக்கி, ஒரு தெருவை வெளுப்பாக்கி, ஓர் ஆணின் கையைப் பெண்ணின் கையாக்கிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன் சகோதரிகளே, இருக்கிறவளை இருக்கிறபடி காட்டியிருந்தால் இதில் ஒரு வேலையும் இருந்திருக்காது என்பதால்தானோ என்னவோ, அந்த யோசனை மட்டும் அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் வரவில்லை.