இரண்டாவது ஹெல்மெட்

லிஃப்ட்டின் பட்டன் பேனலைக் கழற்றித் தரையில் வைப்பதற்குள் ஆம்ப்ரோஸ் கதையை ஆரம்பித்துவிடுகிறார்.

"ரோம்ல ஒரு ராஜா. சோல்ஜருங்க கல்யாணமே பண்ணக்கூடாதுன்னுட்டான். எங்க வாலண்டைன் சாமியார் திருட்டுத்தனமா கட்டி வச்சாரு. அதுக்குத்தான் தலையை எடுத்தாங்க. சொல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம், கொஞ்சம் பொறுத்துக்குங்க, இதோ ஆயிடும்."

பிப்ரவரி பிறந்துவிட்டால், அவர் பழுது பார்க்கப் போகிற கட்டடத்திலெல்லாம் இதே பேச்சுதான். காத்திருப்பவர்கள் வயதானவர்களாக இருந்தால் கதை மாறும்: சிறைக்காவலரின் பார்வையற்ற மகளுக்கு வாலண்டைன் கண் கொடுத்தது, சாகும் முன் அவளுக்கு ஒரு வரி எழுதியனுப்பியது. போன வருடம் கோரமங்களா ஆபீஸ் ஒன்றில் அதிதி என்ற பெண் ஃபோனைப் பார்த்துவிட்டு, அந்தச் சாமியாரைப் பற்றி யாருக்கும் சரியாகத் தெரியாதாம், பறவைகள் ஜோடி சேரும் பருவம் என்பதால் வந்ததாம் காதலர் தினம் என்றாள். ஆம்ப்ரோஸ் அசரவில்லை.

"தெரியாத ஆளுக்கா மேடம் இத்தனை ரோஜா விக்குது?"

பறவைகளையும் அன்றே கதையில் சேர்த்துக்கொண்டார்.

ஊர்க் காதலுக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற மனிதர், தன் விஷயத்தில் ஊமை. ஐம்பதை நெருங்கும் பிரம்மச்சாரி. அடுகோடியில் ஒற்றை அறை. மாதா கோயில் பாடகர் குழுவில் இவருக்கு முன்வரிசையில் நிற்பவர் ஜோவிதா டீச்சர். கணவரை இழந்தவர், வீடு ஈஜிபுராவில். பூசை முடிந்ததும் பஸ் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு நேரம் பஸ் வராவிட்டாலும் ஆம்ப்ரோஸ் தன் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னதில்லை.

"ஒரே ஹெல்மெட்தான் இருக்கு டீச்சர். போலீஸ் புடிப்பான்."

வருடக்கணக்காக இதே சாக்கு.

பறவைகளே தேதி பார்த்து ஜோடி சேரும்போது தனக்கென்ன வந்தது என்று இந்த ஜனவரியில் திடீரென்று ஒரு தைரியம் வந்து, சிவப்பு ஹெல்மெட் ஒன்று வாங்கினார். காதலர் தினத்தன்று கேட்டுவிடுவது என்று முடிவு. அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தார். பிப்ரவரி பதினான்கு, விபூதிப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். ஒருவேளைச் சாப்பாடு, கறி கிடையாது, மண்ணுக்குத்தான் திரும்பப்போகிறாய் என்று நெற்றியில் சாம்பல் பூசும் நாள். ஜோவிதா டீச்சர் இதிலெல்லாம் மகா கறார். அந்தச் சாம்பலைப் படுக்கப்போகும்வரை கலையவிடமாட்டார். வேர்த்தால்கூட அதைச் சுற்றித்தான் துடைப்பார்.

"சாமியாரே, இந்த வருஷம் பாத்தா இப்படிப் பண்ணணும்?" என்று லிஃப்ட்டுக்குள் நின்று புலம்பினார் ஆம்ப்ரோஸ்.

சாயங்காலப் பூசை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். இருவர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை. ஆம்ப்ரோஸ் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிச் சிவப்பு ஹெல்மெட்டை எடுத்தார். ராஜா, சோல்ஜர், பறவை எதுவும் வாயில் வரவில்லை. ஹெல்மெட்டை நீட்டினார்.

"டீச்சர்... உங்களுக்குன்னுதான் வாங்கினேன். தெனமும் போட்டுக்கிற மாதிரி."

ஜோவிதா டீச்சர் ஹெல்மெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா ஆம்ப்ரோஸ்?"

"விபூதிப் புதன் டீச்சர்."

"அது மட்டுந்தானா?"

ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஈஜிபுரா, ஈஜிபுரா" என்று கூவினார். ஜோவிதா டீச்சர் கையை ஆட்டி பஸ்ஸைப் போகச் சொன்னார். பிறகு ஹெல்மெட்டை வாங்கி, நெற்றிச் சாம்பல் அழுந்தித் தேய, தலையில் மாட்டிக்கொண்டார்.