பிள்ளையாருக்குக் கீழிருந்த அட்டை

குகன் அண்ணை அந்த அட்டையை ஒட்டியிருந்தார். ஒட்டவில்லை என்று சொன்னவன் நான். சொன்னது பொய்.

இந்த மூன்று வசனங்களையும் எழுத எனக்கு நான்கு வருடங்கள் எடுத்தன. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் சொல்வதென்றால் முதலில் குகன் அண்ணையிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்...

நான் இங்கே ஓல்டன் நகரில் ஒரு பொருட்களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறேன். எத்தனை கிலோ என்று பார்க்காமல் எதையும் தூக்கமாட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். இல்லை, நிறையவே அதிகம். 'வாகனமென்றால் என்னிடம் கேள்' என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தவன் நான்.

குகன் அண்ணை எங்கள் தெருவில் இருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதியோர் இல்லமொன்றில் மருந்து கொடுக்கும் பொறுப்பு அவருடையது. அங்கே எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். யாருக்கு எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, கொடுத்தது யார்... அந்தப் பழக்கம் அவருடைய வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

ஆசைப்பட்டு ஒரு வோன்மொபில் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வீட்டு வாகனம். தானும் மனைவியும் போகாத நாட்களில் எங்கள் ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். அதற்குள்ளும் அட்டைகள்தான். அடுப்புக்கு மேலே ஒன்று, தண்ணீர்த் தாங்கியில் ஒன்று, கழிப்பறைக் கதவில் ஒன்று. எல்லாம் தமிழில், அச்சடித்தது போன்ற எழுத்தில். நாங்கள் அவரைக் கேலி செய்வோம். 'மனிசிக்கும் ஒரு அட்டை ஒட்டியிருப்பார்' என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த வாகனத்தைத்தான் நான்கு வருடங்களுக்கு முன் கோடை விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்தேன். என் மனைவி வதனியின் தம்பி மலைகளுக்கு அப்பால் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறான். அவனையும் அவனோடு வேலை செய்யும் எங்கள் பெடியன்களையும் பார்த்து, ஒரு நாளாவது வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஊருக்கெல்லாம் சமைப்பவனுக்கு யார் சமைத்துக் கொடுப்பது?

சனிக்கிழமை காலை. ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது என்று கோயில் நாட்காட்டி சொன்னது. அதற்கு முன் சக்கரம் உருண்டுவிட வேண்டும். அரிசி மூட்டைகள், இடிச்ச மிளகாய்த்தூள், உறைய வைத்த ஆட்டிறைச்சி, இருபது பேருக்குச் சோறு வடிக்கும் பானை... எல்லாவற்றையும் நான்தான் ஏற்றினேன். எத்தனை கிலோ என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பானையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேல்தட்டில் திணித்தேன்.

குகன் அண்ணை இடப்பக்கத்துச் சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒரு பத்து நிமிசம் நில்லும். மலை இறக்கம் எப்பிடி ஓடுறதெண்டு காட்டிப்போட்டு விடுறன்."

வதனி வெளியே நின்று நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, ஒன்பதாகப் போகுது. ஏறுங்கோ."

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றேன். "நான் வாகனத்தோடைதானே வாழுறன்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் ராகுகாலம் என்றால் அவரும் எங்கள் ஆள்தானே. "சரி சரி, நல்ல நேரத்திலை வெளிக்கிடுங்கோ. கியருக்கு மேலை எழுதி ஒட்டியிருக்கிறன். மலையிலை ஏற முதல் வாசியும் தம்பி."

கியருக்கு மேலே, முகப்புப் பலகையில் அந்த அட்டை இருந்தது. கண்டேன். குகன் அண்ணை பின்கதவைப் பூட்டப் போன நேரத்தில் வதனி ஒரு சின்னப் பிள்ளையார் படத்தை என் கையில் தந்து, "முன்னுக்கு ஒட்டுங்கோ" என்றாள். முகப்பில் தட்டையான இடம் அது ஒன்றுதான். பிள்ளையாரை அட்டைக்கு மேலேயே ஒட்டினேன். அட்டை முழுவதும் மறைந்தது. பிறகு வாசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா? அப்படி நினைத்ததாகத்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் எதையுமே நினைக்கவில்லை. எனக்கென்ன அட்டை வேண்டியிருக்கிறது என்ற திமிர்தான்.

எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

டாவோஸைத் தாண்டி ஃபுளூவெலா கணவாயில் ஏறும்போது வாகனம் முக்கியது. பின்னால் கார்கள் வரிசை கட்டின. உச்சியில் நிறுத்தி ஏரிக்கரையில் படம் எடுத்தோம். பதினொரு வயது மகள் ஆரணிக்குக் குளிரில் பல் கிட்டியது. 'கஷ்டமெல்லாம் முடிந்தது, இனி இறக்கம்தானே' என்று வதனியிடம் சொன்னேன். சொன்ன வாய்க்குள் மண்ணைப் போட வேண்டும்.

என்னுடைய கார் தானே கியர் மாற்றும் கார். களஞ்சியத்திலோ தரை சமம். மலை இறக்கத்தை எனக்கு யார் கற்றுத் தந்தார்? நான்காம் கியரில் விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். ஒரு வளைவு, இரண்டு வளைவு, ஐந்தாறு வளைவு... காலை எடுக்கவேயில்லை.

முதலில் மணம்தான் வந்தது. "அப்பா, என்னவோ எரியுது," என்றாள் ஆரணி பின்னால் இருந்து.

"வெளியிலை யாரோ எரிக்கினம்," என்றேன். அந்த மலையில் எரிப்பதற்கு என்ன இருந்தது? கல்லும் புல்லும்தான்.

அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் உள்ளே போனது. இன்னும் போனது... தரையில் முட்டியது. வாகனம் குறையவில்லை.

நீங்கள் ஒருமுறையாவது அதை அனுபவித்திருக்கிறீர்களா? உடம்பு முழுவதும் அந்த ஒற்றைக் காலுக்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி மிதித்தேன். மறுபடியும். கியரைக் குறைக்க இழுத்தேன், கியர்ப்பல் கடித்தது, ஏறவில்லை. எதிரே இரண்டு மோட்டார்சைக்கிள்கள் மேலே ஏறி வந்தன. இடப்பக்கம் அவர்களும் அவர்களுக்கு அப்பால் பள்ளமும். வலப்பக்கம் பாறை.

வலப்பக்கத்தில்தான் வதனி இருந்தாள்.

அவளை ஒருமுறை பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். நான் கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு, அவள் இருந்த பக்கத்தைப் பாறையோடு சேர்த்தேன்.

தகரம் கிழியும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கண்ணாடி கொட்டியது. பிறகு வாகனம் சரிந்து ஒரு கல்வரம்பில் போய் நின்றது. வதனிக்குக் கீறல்கள்தான். பின்னால்... மேல்தட்டுக் கதவு திறந்து அந்தப் பானை ஆரணியின் தோளில் விழுந்திருந்தது. பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளெலும்பு உடைந்திருந்தது. அது பொருந்திவிட்டது. ஆனால் புத்தகப்பை சுமக்கும்போது இன்றைக்கும் அவளுக்கு ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கிறது.

நோயாளர் வண்டி வந்து தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனது. பொலிஸார் வெளியே நின்று தெருவை அளந்துகொண்டிருந்தார்கள். உடுப்புப்பையை எடுப்பதற்காக நான் உள்ளே ஏறினேன். பிள்ளையார் படம் கழன்று இருக்கைக்குக் கீழே கிடந்தது. அட்டை தெரிந்தது.

'இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கில் கால் வைத்தபடி இறங்க வேண்டாம். மணம் வந்தால் உடனே நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடவும். அவசரமில்லை. பத்திரமாகப் போய் வாருங்கள்.'

எல்லாமே எழுதியிருந்தார். மணம் வரும் என்பதைக்கூட எழுதியிருந்தார்.

நான் செய்தது இதுதான். அட்டையை நகத்தால் கிளப்பி எடுத்தேன். சட்டைப்பைக்குள் வைத்தேன். பசைத்தடம் தெரிந்தது. அதன்மேல் பிள்ளையாரை வைத்து மறுபடி அழுத்தினேன். ஓரங்களை விரலால் தேய்த்தேன். 

இறங்கியதும் பொலிஸ்காரர் கேட்டார்: மலையில் எப்படி ஓட்டுவதென்று சொந்தக்காரர் ஏதாவது சொன்னாரா, எழுதித் தந்தாரா? நான் 'நைன்' என்றேன். இல்லை. ஒரே ஒரு சொல்.

மறுநாள் குகன் அண்ணை ரயிலேறி, வாகனத்தை இழுத்துப் போயிருந்த கராஜுக்கு வந்தார். உடைந்த வாகனத்தின் பக்கம் அவர் உடனே திரும்பவில்லை. "பிள்ளைக்கு எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு மெதுவாக, "தம்பி, அட்டையை வாசிச்சனீரோ?" என்றார்.

"எந்த அட்டை அண்ணை?"

"கியருக்கு மேலை... புறப்படேக்கை சொன்னனான் எல்லோ."

"அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை அண்ணை. நீங்கள் சொன்னீங்கள் எண்டுதான் நானும் தேடினன்."

அவர் உள்ளே ஏறிப் பார்த்தார். கியருக்கு மேலே பிள்ளையார் இருந்தார். பிள்ளையாரைப் பிய்த்துப் பார்க்க அவருக்கு மனம் வருமா? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார். பிய்க்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சாமியை வைத்து மறைத்தேன்.

பிறகு கோயிலில் கதை பரவியது. குகன் வாகனத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லுவதில்லையாம், குழந்தையைக் கொல்லப் பார்த்தாராம்... நான் பரப்பவில்லை. மறுக்கவும் இல்லை. என் மகளின் கழுத்தில் தொங்கிய கைத்தூக்குக் கட்டைப் பார்த்தவர்கள் பரப்பினார்கள். அதன்பின் ஒருவரும் அவரிடம் வாகனம் கேட்கவில்லை. திருத்தி யாருக்கோ விற்றுவிட்டார். பிள்ளையாரும் அதோடு போய்விட்டார்.

அவர் என்னோடு சண்டை பிடித்திருந்தால் ஒருவேளை நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் பிடிக்கவில்லை. என்னை நம்பினார். என்னை நம்பியதால் தன்னை நம்பாமல் விட்டார்.

இந்த வருடம் இலை துளிர்க்கும் காலத்தில் அவரை ரயில் நிலையத்தில் கண்டேன். மெலிந்திருந்தார்.

"மருந்து குடுக்கிற வேலையை விட்டிட்டன் தம்பி. நானாத்தான் கேட்டு உடுப்புத் தோய்க்கிற பக்கம் மாறினனான். ஒட்டாத அட்டையை ஒட்டினன் எண்டு சொன்ன ஆள், குடுக்காத குளிசையையும் குடுத்தன் எண்டு சொல்லுவனோ எண்டு பயம்."

அப்போதாவது என் வாய் திறந்திருக்க வேண்டாமா? "வயசு போகுதுதானே அண்ணை, எல்லாருக்கும் வாறதுதான்" என்றேன். நான்தான். என் வாயால்தான்.

போன வியாழக்கிழமை அவர் மறதி நோய் பார்க்கும் மருத்துவரிடம் போனார். கூடவே, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்களாம். "மனிசிக்குச் சொல்லேல்லை, பயந்துபோவா. என்ரை மறதியை முதல் முதல் கண்டது நீர்தானே. நீர் வாறீரோ?" என்று கேட்டார். ஓம் அண்ணை, வாறன் என்றேன்.

போனேன். எப்போது தொடங்கியது என்று அந்த மருத்துவர் கேட்டார். குகன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்... வாகனத்தை, அட்டையை, அவர் ஒட்டியதாக நினைத்துக்கொண்டிருப்பதை. எல்லாவற்றையும் மருத்துவர் எழுதிக்கொண்டார்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவரையல்லவா சுட்டுக்கொண்டிருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "ஒட்டினது எனக்கு இப்பவும் கண்ணுக்கை நிக்குது தம்பி. நாலு மூலைக்கும் பசை வச்சு, பெருவிரலாலை அமத்தினது கூட. நடக்காதது இவ்வளவு வடிவாய்த் தெரியுது எண்டால்... அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் என் காற்சட்டைப் பையைத் தடவினேன். பணப்பை இருந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் பின்னால், இரண்டாக மடித்து, அந்த அட்டை இருக்கிறது. நான்கு மூலைகளிலும் காய்ந்த பசை இருக்கிறது.