ஆட்டிடம் கேட்கும் சாமி

திருவானைக்காவலைத் தாண்டி இருக்கும் எங்கள் காலனி முனையில் ஒரு கருப்பசாமி கோயில் இருந்தது. அதன் பூசாரி ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். பெரிய மீசை, கற்பூரம் சுட்டுக் கறுத்த உள்ளங்கை. வாசலில் நான் தண்ணீர் கொடுத்தபோது, மூன்று சொட்டு தரையில் தெளித்துவிட்டுத்தான் குடித்தார்.

அவருடைய மறுகையில் கோயிலை அகற்றும் உத்தரவு. அதற்கு மனு எழுதியவன் நான். 'பல தெய்வங்களைக் கும்பிட்ட காட்டுமிராண்டிக் காலத்து வழிபாடு, அறமற்றது' என்று எழுதியிருந்தேன். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்கு, எதிர்த்தரப்பை விசாரிக்காமல் உத்தரவு வாங்கும் வழி தெரியாதா?

"ரத்தம் குடிக்கிற சாமிக்கு என்னய்யா அறம்?" என்று கத்தினேன்.

"வெட்டுறதுக்கு முன்னால ஆட்டுத் தலையில தண்ணி தெளிப்போங்க. ஆடு உடம்பைச் சிலுப்பினாத்தான் சம்மதம். இல்லேன்னா அவுத்து விட்டுருவோம்."

"தண்ணி பட்டா எந்த ஆடும் சிலுப்பும்யா! இது ஒரு விசாரணையா?"

"ஏமாத்துன்னே வச்சுக்குங்க சார். எங்க சாமி ஆட்டை அந்த மட்டுக்காவது கேக்குது. நீங்க எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கதவை அறைந்து சாத்தினேன்.

கோயில் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. கடக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஆட்டு விசாரணை மோசடிதான், சந்தேகமே இல்லை. நான் நடத்தாத விசாரணைக்கு என்ன பெயர் என்றுதான் தெரியவில்லை.